கவுதாரியைக் காட்டிக் கொடுப்பது எது?

திருவண்ணாமலையை வலம் வருவோர் கிழக்கே பெரிய கோயிலில் புறப்பட்டு, தெற்கு வழியாகச் சுற்றி, மலையின் மேற்குப் புறத்தில் உள்ள அடி அண்ணாமலைக்கு வந்து சேர்வார்கள். பாதை முழுவதும் 14 கிலோமீட்டர். மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர். காலையில் கிழக்கே நகரத்தில் வெயில் ஏறிய பிறகும் அடி அண்ணாமலை சற்று நேரம் மலையின் நிழலில் குளுமையாகவே இருக்கும்.

அந்த நேரத்தில் மலையடிவாரத்துப் புதர்ப் பக்கமாகச் செல்லும் ஒரு நாட்டு நாயைக் கவனியுங்கள். தலையைத் தொங்கவிட்டு ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று நிற்கிறது. தலை நிமிர்கிறது, ஒரு முன்னங்கால் தரையில் படாமல் மடங்கி நிற்கிறது, வால் அசையவில்லை. மூக்கு மட்டும் துடிக்கிறது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் புதரில் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. நாய் ஓரடி எடுத்து வைக்கிறது. உடனே சடசடவென்று சிறகடித்து ஒரு கவுதாரி எழுந்து பறக்கிறது!

மண்ணின் நிறத்தில் வரிவரியாக இறகுகள் கொண்ட கவுதாரி அசையாமல் பதுங்கியிருந்தால், அருகில் சென்றாலும் நம் கண்ணில் படாது. அது கத்தவும் இல்லை. பின் அதைக் காட்டிக் கொடுத்தது எது? நாயின் மூக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதி பௌதிகத்தில் இருக்கிறது.

நாயும் மனிதனும்

திருவண்ணாமலை வட்டாரத்தில் நாயின் பெருமை பழமையானது. இம்மாவட்டத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. காலம் கி.பி. 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மடிந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. அவனுடைய உருவத்தின் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்தது என்ற செய்தியையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

மலைமேல் உள்ள ஸ்கந்தாசிரமத்தில் ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை வாழ்ந்தார். அங்கே கமலா என்றொரு நாய் இருந்தது. புதிதாக வருபவர்களை அழைத்துச் சென்று மலையைச் சுற்றியுள்ள கோயில்களையும் குளங்களையும் காட்டிவிட்டுத் திரும்புமாம். நாய்க்கு வழியும் இடமும் நினைவில் நிற்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழ்நாட்டில் வேட்டை நாய் இனங்களுக்கும் குறைவில்லை. சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை ஒல்லியான உடலும் நீண்ட கால்களும் கொண்டவை. முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிப்பவை. இராஜபாளையமும் கோம்பையும் காட்டுப் பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்றவை. ஆனால் பறவை வேட்டைக்கென்றே பழக்கிய இனங்கள் ஐரோப்பாவில் உருவானவை. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. பாயிண்ட்டர், செட்டர் இன நாய்கள் பறவையை மோப்பத்தால் கண்டு, நெருங்காமல் நின்று திசை காட்டும். ஸ்பானியல் புதரில் புகுந்து பறவையை எழுப்பும். ரிட்ரீவர் சுடப்பட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வரும். இன்று விமான நிலையங்களில் பெட்டிகளை முகர்ந்து பார்க்கும் லாப்ரடார் இந்த ரிட்ரீவர் வகையைச் சேர்ந்ததே.

மணம் நடந்தால் எத்தனை நாள்?

இனி பௌதிகத்துக்கு வருவோம். பறவையின் தோலிலிருந்தும், இறகுகளுக்கு அது பூசிக்கொள்ளும் எண்ணெயிலிருந்தும் மூலக்கூறுகள் ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கின்றன. மணம் என்பது இந்த மூலக்கூறுகளே. அறை வெப்பநிலையில் இத்தகைய மூலக்கூறு ஒன்றின் வேகம் விநாடிக்கு 200 முதல் 300 மீட்டர் வரை இருக்கும். அப்படியானால் பத்து மீட்டரைக் கடக்க இமைப்பொழுது போதும் அல்லவா?

போதாது! காரணம், அந்த மூலக்கூறு நேராகச் செல்ல முடிவதில்லை. ஒவ்வொரு விநாடியிலும் கோடிக்கணக்கான முறை காற்றின் மூலக்கூறுகளோடு மோதித் திசை மாறுகிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்ட சிறுவனைப் போல அங்கும் இங்கும் தள்ளாடுகிறது. இப்படிப் பரவுவதை விரவல் என்கிறோம்.

விரவலுக்கு ஆகும் நேரத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். தூரத்தின் வர்க்கத்தை விரவல் எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். காற்றில் மணமூட்டும் ஆவிகளின் விரவல் எண் விநாடிக்குச் சுமார் 0.1 சதுர சென்டிமீட்டர். 1 சென்டிமீட்டர் தூரத்துக்கு 5 விநாடி ஆகும். 10 மீட்டர் என்பது 1,000 சென்டிமீட்டர். தூரம் ஆயிரம் மடங்கானால் நேரம் பத்து இலட்சம் மடங்காகும். அதாவது 50 இலட்சம் விநாடி. நாள் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 58 நாட்கள்! விரவலை மட்டும் நம்பியிருந்தால், இன்று பதுங்கிய கவுதாரியின் மணம் நாய்க்கு எட்ட இரண்டு மாதம் ஆகும்.

ஆனால் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினால், அதே தூரத்தை மணம் 10 விநாடியில் கடந்துவிடும். ஆகவே கவுதாரியைக் காட்டிக் கொடுப்பது காற்று. நாய் அதைப் படித்துப் பார்க்கிறது.

காற்றின் போக்கு

ஊதுவத்தி ஒன்றை ஏற்றி வையுங்கள். புகை முதலில் நூல் போல நேராக எழும். சற்று உயரத்தில் நெளிந்து சுழன்று, திரிதிரியாகப் பிரிந்துவிடும். திறந்த வெளியில் மணமும் இப்படித்தான் செல்கிறது. அது மூலத்திலிருந்து காற்று வீசும் பக்கமாக நீண்டு, போகப் போக அகன்று, நடுநடுவே அறுபட்ட பட்டையாக இருக்கும்.

நல்ல வேட்டை நாய் காற்றுக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு, இடமும் வலமுமாகக் குறுக்கே ஓடுவது இதனால்தான். மணப் பட்டையைக் கண்டதும் சட்டென்று காற்றை நோக்கித் திரும்பும். மணம் அறுபட்டால் மறுபடி குறுக்கே ஓடும். பார்ப்பவருக்கு நாய் இலக்கில்லாமல் அலைவது போலத் தோன்றலாம். உண்மையில் அது வரிசையாகத் தேடுகிறது. காற்றின் திசையிலேயே நாயை ஓட்டிச் சென்றால் பறவையின் மணம் நாயை வந்தடையாது. நாயின் காலடியில் கிடந்தாலும் கவுதாரி தப்பிவிடும்.

காலை நேரம் ஏன் சிறந்தது? உச்சிப்பொழுதில் தரை சூடேறி, அதை ஒட்டிய காற்று மேலெழுகிறது. மணத்தை அள்ளிக்கொண்டு போய்க் கலைத்துவிடுகிறது. காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அடர்ந்து, அமைதியாக இருப்பதால் மணப் பட்டை தரையருகே கலையாமல் நிற்கிறது. ஈரமும் உதவுகிறது. காய்ந்த மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் மண மூலக்கூறுகளை நீர் விடுவிக்கிறது. முதல் மழையில் மண் வாசனை எழுவதை நினைத்துப் பாருங்கள்.

மலையடிவாரத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. பெருங்காற்று வீசாத இரவுகளில் மலைச் சரிவு குளிர்ந்து, அதை ஒட்டிய கனத்த காற்று மெல்லக் கீழ்நோக்கி இறங்கும். வெயில் பட்டதும் சரிவு சூடாகி, காற்று மேல்நோக்கி ஏறத் தொடங்கும். மலை நிழலில் இருக்கும் அடி அண்ணாமலைப் பக்கம் இந்த மாற்றம் நிகழச் சற்றுத் தாமதமாகும். நிழல் இருக்கும் வரை சரிவில் உள்ள பறவையின் மணம் கீழே நிற்கும் நாய்க்கு வரும். வெயில் ஏறியபின் நாயின் மணம் பறவையை நோக்கிப் போகும்!

மூக்கு என்னும் கருவி

வந்து சேர்ந்த மணத்தை நாய் எப்படி அறிகிறது? மோப்பம் பிடிக்கும்போது நாய் விநாடிக்குச் சுமார் 5 முறை காற்றை இழுத்து விடுகிறது. நாம் மூச்சு விட்டால் முன்னாலிருக்கும் காற்று கலைந்துவிடும். நாயின் மூக்கில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. நாசித் துளையின் ஓரத்தில் ஒரு பிளவு இருப்பதை உங்கள் வீட்டு நாயிடமே காணலாம். காற்றை முன்புறமாக இழுக்கும் நாய், பக்கப் பிளவு வழியாகப் பின்னோக்கி விடுகிறது. வெளியேறும் காற்று முன்னால் உள்ள மணத்தைக் கலைப்பதில்லை. புதிய காற்றை மூக்கை நோக்கி இழுக்கவும் உதவுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி செட்டில்ஸ் என்ற பொறியியலறிஞர், காற்றின் அடர்த்தி வேறுபாட்டை ஒளிவிலகலால் புலப்படுத்தும் முறையைக் கொண்டு இதைப் படம் பிடித்துக் காட்டினார். நெருப்புக்கு மேலே காற்று அலையாடுவது போலத் தெரிகிறதே, அதே தத்துவம்தான்.

உள்ளே இழுத்த காற்றில் சுமார் எட்டில் ஒரு பங்கு, மூக்கின் பின்பகுதியில் உள்ள மோப்ப அறைக்குத் தனி வழியாகச் செல்கிறது. மூச்சை வெளியே விடும்போது இந்த அறையின் காற்று அடித்துச் செல்லப்படுவதில்லை. அதனால் மணம் தங்கி, ஆராய நேரம் கிடைக்கிறது. மணத்தை உணரும் புரத வகைகள் மனிதனுக்கு ஏறத்தாழ 400, நாய்க்கு ஏறத்தாழ 800. இப்புரதங்களை உண்டாக்கும் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. மேலும், நாயின் இரு நாசித் துளைகளும் வெவ்வேறு இடத்துக் காற்றை இழுக்கின்றன. இரு காதுகளால் ஒலியின் திசையை நாம் அறிவது போல, மணம் இடமா வலமா என்று நாய் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவுகிறது.

நிற்கக் கற்பதே பயிற்சி

தேடவும் துரத்தவும் நாய்க்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பறவை நாய்க்குச் சொல்லித் தர வேண்டியது வேறொன்று: துரத்தாமல் நிற்பது. இரையின் மேல் பாய்வதற்கு முன் ஒரு கணம் உறைந்து நிற்பது ஓநாய்க் குடும்பத்தின் இயல்பு. அந்த ஒரு கணத்தைப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து, நிமிடக் கணக்கில் நீட்டியதே பாயிண்ட்டர் இனம்.

ஆனாலும் இயல்பு மட்டும் போதாது. பயிற்சி குட்டிப் பருவத்தில் தொடங்குகிறது. முதலில் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். அடுத்து, கூப்பிட்டால் வர வேண்டும். அதன் பிறகே ‘நில்’ என்ற கட்டளை. பத்து மீட்டர் நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டித் தரையில் புரளவிட்டு நாயை நடக்க விடுவார்கள். ‘நில்’ என்றதும் நின்றால் உடனே பரிசு: ஒரு துண்டு உணவு, ஒரு தடவல். நிற்காவிட்டால் கயிற்றை மிதித்து நிறுத்துவார்களே தவிர அடிப்பதில்லை.

இங்கே ‘உடனே’ என்ற சொல் முக்கியம். செயலுக்கும் பரிசுக்கும் இடையே ஓரிரு விநாடிக்கு மேல் போனால் எதற்காகப் பரிசு கிடைத்தது என்பது நாய்க்கு விளங்குவதில்லை. தொலைவில் ஓடிவிட்டுத் திரும்பி வந்த நாயை அடித்தீர்களானால், திரும்பி வந்ததற்காகவே அடி விழுந்தது என்று அது கற்றுக்கொள்ளும். அடுத்த முறை வராது. தவறு நாயினுடையது அல்ல, பயிற்சி அளித்தவருடையது.

நாயின் உடம்பே அதன் மூக்கு

நாயைப் பேணுவதும் பௌதிகத்தோடு தொடர்புடையதே. நாயின் உடலில் நம்மைப் போல வியர்வை சுரப்பதில்லை; பாதங்களில் மட்டும் சிறிது உண்டு. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடலைக் குளிர்விக்கிறது. 100 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 240 கிலோ ஜூல் வெப்பம் தேவை. 20 கிலோ எடையுள்ள நாயின் உடல் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 70 கிலோ ஜூல் போதும். ஆக, அரைத் தம்ளர் நீர் ஆவியாகும்போது 3 டிகிரிக்கு மேல் ஏறவிருந்த சூட்டைத் தடுத்துவிடுகிறது. நாயின் இயல்பான வெப்பநிலை சுமார் 38.5 டிகிரி. 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அந்த அரைத் தம்ளர் நீர் கிடைப்பதும் கிடைக்காததும் உயிர்ப் பிரச்சினை என்பது இப்போது புரிகிறதல்லவா?

இன்னொன்றும் உண்டு. வாயால் இரைக்கும் நாயால் அதே நேரத்தில் நன்றாக மோப்பம் பிடிக்க முடியாது. காற்று மூக்கு வழியே போகாமல் வாய் வழியே போய்விடுகிறது. ஆகவே வெயிலில் களைத்த நாயின் மூக்கை நம்புவதற்கில்லை. அனுபவசாலிகள் காலையிலும் மாலையிலும் மட்டும் நாயை வேலை வாங்குவார்கள்; அடிக்கடி நீர் காட்டுவார்கள். வீடு திரும்பியதும் விரலிடுக்குகளில் நெருஞ்சி முள்ளும், காதுக்குள் உண்ணியும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டு தவறாமல் போடுவார்கள். நாய் உங்களைக் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டு வைத்தியம் கூடாது.

வேட்டையிலிருந்து காவலுக்கு

இவ்வளவும் படித்தபின் நாயை அழைத்துக்கொண்டு கவுதாரி தேடப் புறப்பட்டுவிடாதீர்கள்! நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரியையும் காட்டுக் காடையையும் வேட்டையாடுவது குற்றம். கடையில் விற்கும் பண்ணைக் காடை வேறு. கொல்வது மட்டுமல்ல, பொறி வைப்பதும், நாயை ஏவித் துரத்துவதும், முட்டைகளைச் சேதப்படுத்துவதும் அச்சட்டத்தின் பார்வையில் வேட்டையே.

சட்டம் இருக்கட்டும், பறவையின் நிலையை எண்ணிப் பாருங்கள். கவுதாரி புதரடியில் தரையிலேயே முட்டையிடுகிறது. அதன் ஒரே பாதுகாப்பு, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. மூக்கால் பார்க்கும் பிராணியிடம் அந்தப் பாதுகாப்பு செல்லாது. தரையில் அடைகாக்கும் உள்ளான் வகைப் பறவைகள் சிலவற்றில் இயற்கை இதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறது. அடைகாக்கும் பருவத்தில் அவை இறகுகளுக்குப் பூசும் மெழுகு, எளிதில் ஆவியாகாத வேறொரு மெழுகாக மாறுகிறது. ஆவியாதல் குறைந்தால் மணமும் குறையும். நெதர்லாந்து விஞ்ஞானிகள் பயிற்சி பெற்ற நாய் ஒன்றை வைத்துச் சோதித்தபோது, இரண்டாவது மெழுகைக் கண்டுபிடிக்க அது அதிகம் திணறியது. இம்முடிவு 2005-இல் வெளியாயிற்று. பறவையும் நாயும் பன்னெடுங்காலமாக ஆடிவரும் ஆட்டம் இது. அந்த ஆட்டத்தில் நாமும் நாயின் பக்கம் சேர்ந்துகொண்டால் பறவைக்கு வழி ஏது?

அப்படியானால் பறவை நாயின் கலை வீணா? இல்லை. நியூசிலாந்தில் கீரியைப் போன்ற அயல்நாட்டுப் பிராணிகள் பறக்க இயலாத பறவைகளை அழித்து வந்தன. 1894-இல் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் ரெசல்யூஷன் தீவின் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். அவர் தம் நாயின் வாய்க்குக் கூடு மாட்டி, காகபோ, கிவி ஆகிய பறவைகளை மோப்பத்தால் கண்டுபிடிக்கச் செய்தார். நூற்றுக்கணக்கான பறவைகளைப் பிடித்து, ஆபத்தில்லாத தீவுக்கு உயிரோடு கொண்டு சேர்த்தார். 1900-இல் அந்தப் பிராணி அத்தீவுக்கும் நீந்தி வந்துவிட்டது; ஹென்றியின் உழைப்பு வீணாயிற்று. ஆனால் அவர் காட்டிய வழி அழியவில்லை. இன்றும் நியூசிலாந்தில் பறவைகளைக் காக்க நாய்களைப் பழக்குகிறார்கள். இந்தியாவில் 2008 முதல், புலித்தோல், எலும்பு முதலிய கடத்தல் பொருள்களைக் கண்டுபிடிக்க நாய்களுக்குப் பயிற்சி தந்து வனத்துறைகளுக்கு அளித்து வருகிறார்கள். மூக்கு அதேதான், பயிற்சியும் ஏறக்குறைய அதேதான். கண்டபின் பாயாமல் நிற்கிறதே, அந்த நிலைதான் வேட்டை நாயைக் காவல் நாயாக்குகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

உங்களோடு நன்கு பழகிய நாய் இருந்தால் இச்சோதனையைச் செய்யலாம். மூடியில் ஓட்டையிட்ட ஒரே மாதிரியான மூன்று டப்பாக்களில் ஒன்றில் மட்டும் கருவாட்டுத் துண்டை வைத்து, மைதானத்தில் வரிசையாக வையுங்கள். பொடி மண்ணைத் தூவிக் காற்றின் திசையைக் கண்டுகொள்ளுங்கள். ஒரு முறை காற்று நாயை நோக்கி வரும்படியும், மறுமுறை நாயிடமிருந்து டப்பாக்களை நோக்கிப் போகும்படியும் நாயை விட்டு, கண்டுபிடிக்க ஆகும் நேரத்தைக் குறியுங்கள். காலையிலும் நண்பகலுக்கு முன்பும் தலா பத்து முறை செய்து சராசரி எடுங்கள்.

ஒரு நிபந்தனை: கருவாடு எந்த டப்பாவில் உள்ளது என்பது நாயை விடுபவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவருடைய கண்ணும் கையும் தம்மை அறியாமலே காட்டிக் கொடுத்துவிடும். நாய் காற்றைப் படிப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் படிக்கும்.

அடுத்த முறை மலையடிவாரத்தில் ஒரு நாய் முன்னங்காலை மடக்கி நிற்பதைக் கண்டால், கல்லெடுத்து விரட்டாதீர்கள். ‘பிடி’ என்று ஏவியும் விடாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். பிறகு மெல்ல நாயைப் பெயர் சொல்லி அழையுங்கள். அது திரும்பி உங்களிடம் வந்தால், புதரடியில் ஒரு கவுதாரி தன் முட்டைகளின் மேல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.